விரல் கண்ட குறி: மார்கோலின் கைத்துப்பாக்கி பற்றி ஒரு மதிப்பீடு

குறிபார்த்தல் என்னும் சொல்லிலேயே கண்ணின் ஆட்சி நிலைபெற்றுவிட்டது. எய்பவன் முதலிற் பார்க்கவேண்டும். பின்னரே எய்யவேண்டும் என்பது அச்சொல் உணர்த்தும் ஒழுங்கு. மரக்கிளையிலிருந்த பறவையைக் காட்டி, யாது தெரிகின்றதெனத் துரோணர் தம் மாணாக்கரை வினவிய கதையும் இதனையே வலியுறுத்துகின்றது. மரத்தையும் கிளையையும் கண்டவர்கள் விலக்கப்பட்டனர்; பறவையை மாத்திரம் கண்ட அருச்சுனனே எய்யத் தகுந்தவனானான். வில்லாளனின் திறமை அவனது பார்வையின் திறமையே என்ற எண்ணம் மரபில் இவ்வாறு ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தில் ஊறியவர்க்கு, உலகப் போட்டிகளில் வெற்றியீட்டிய குறிச்சூட்டுக் கைத்துப்பாக்கி ஒன்றினை இரு கண்களின் பார்வையையும் இழந்த ஒருவர் வடிவமைத்தார் என்னும் செய்தி வியப்பினை மாத்திரமன்றி ஓரளவு ஐயத்தையும் ஏற்படுத்துதல் இயல்பே.

ஆயினும் செய்தி உண்மையானது. மிகயில் விளதீமிரொவிச் மார்கோலின் 1906ஆம் ஆண்டிற் பிறந்தவர். இரசியப் புரட்சியைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரின் தணல் முற்றாக அவியாதிருந்த காலத்தில், மிக இளமையிலேயே படைவாழ்வினை மேற்கொண்டார். 1924ஆம் ஆண்டில், பதினெட்டு வயதளவில், ஆயுதக் குழுவொன்றுடன் நிகழ்ந்த மோதலில் அவருக்குத் தலையிற் காயம் ஏற்பட்டது. உயிர் தப்பியது, பார்வை மீளவில்லை. 1975ஆம் ஆண்டில் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக் காலம், அவர் இருளிலேயே வாழ்ந்தார்.

பார்வையிழந்த படைவீரர் ஒருவர் ஆயுதங்களை வெறுத்து ஒதுங்கியிருப்பின் எவரும் குறைகூறியிரார். மார்கோலினோ அவற்றையே தம் வாழ்வின் தொழிலாகக் கொண்டார். துப்பாக்கிகளைக் கழற்றியும் பூட்டியும் அவற்றின் உறுப்புக்களை விரல்களால் அறிந்தார். தம் மனத்தில் உருவாகிய புதிய உறுப்பினைக் களிமண், மெழுகு, மரம் முதலியவற்றில் வடித்துக் காட்டுவார். விளக்கத்தை வாயாற் சொல்வார். வரைபடம் தீட்ட வல்லவர்கள் அதனைத் தாளில் ஏற்றுவர். இவ்வாறு உருப்பெற்ற 5.6 மில்லிமீற்றர் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி 1940களின் இறுதியில் இஜெவ்ஸ்க் நகரத்திலே உற்பத்தி செய்யப்படலாயிற்று. 1807ஆம் ஆண்டு தொடக்கம் சேனைகளுக்குத் துப்பாக்கி செய்துவந்த நகரம் அது. அங்கிருந்து வெளிவந்த இத்துப்பாக்கியோ சேனைக்கென அமைந்ததன்று; தாளிலே துளையிடுவதற்கென்றே அமைந்தது. பிற்காலத்திற் சீர்செய்யப்பெற்ற அதன் வடிவம் எம்.சி.எம். என்னும் பெயரால் வெளிநாடுகளில் அறியப்பட்டது. சுடுநர் பலர் அதனை ஆக்கியோன் பெயராலே ‘மார்கோலின்’ என்றே வழங்கினர்.

இத்தகைய வரலாறுடைய பொருளொன்றை மதிப்பிடுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆக்கியோன் மீது எழும் இரக்கம் ஆக்கத்தின் மீதான தீர்ப்பாக மாறிவிடலாம். ‘பார்வையற்றவர் செய்தது, ஆகையால் நன்று’ என்று கூறுவது புகழ்ச்சி போலத் தோன்றினும் உண்மையில் அது இகழ்ச்சியே. அது செய்தவரைத் தொழில்வல்லோர் வரிசையினின்று அகற்றி, அதிசயங்களின் வரிசையிற் கொண்டுபோய் நிறுத்துகின்றது. மார்கோலின் வேண்டியது அதிசயப் பொருளைச் செய்தவர் என்னும் பெயரையன்று. நல்ல துப்பாக்கியைச் செய்தவர் என்னும் பெயரையே எனக் கொள்ளல் தகும். ஆதலின் அவருக்குச் செய்யத்தக்க மரியாதை, அவருடைய துப்பாக்கியை ஏனைய துப்பாக்கிகளை அளக்கும் அதே கோலால் அளப்பதேயாகும்.

அக்கோல் யாது? குறிச்சூட்டு விளையாட்டு ஒரு கைத்துப்பாக்கியிடம் வேண்டுவது யாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் இலக்கு நிற்கின்றது. சுடுநர் ஒரு கையாலேயே துப்பாக்கியைப் பிடித்தல் வேண்டும். மறு கை துணைசெய்யலாகாது. விரைவுச் சூட்டுப் போட்டியில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். கையைத் தாழ்த்தி வைத்திருந்த சுடுநர் சைகை கிடைத்ததும் கையை உயர்த்தி, ஒவ்வோர் இலக்கிற்கும் ஒவ்வொரு வேட்டாக ஐந்து வேட்டுக்களைத் தீர்த்தல் வேண்டும். முதலில் எட்டு விநாடி, பின்னர் ஆறு விநாடி, ஈற்றில் நான்கே விநாடி. இவ்வாறு அறுபது வேட்டுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஆகக்கூடியது பத்துப் புள்ளி, மொத்தம் அறுநூறு. நான்கு விநாடியில் ஐந்து வேட்டு என்பதில், கை உயரும் நேரமும் அடங்கும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நுண்சூட்டில் அவகாசம் மிகுதி. ஆனால் இலக்கின் நடுவட்டம் சிறிது. அதன் விட்டம் 50 மில்லிமீற்றர். இங்கு எளியதொரு கணக்கினைச் செய்து பார்க்கலாம். குறிபார்ப்பதற்கெனத் துப்பாக்கியின் முன்புறத்தில் ஒரு குறிமுள்ளும், பின்புறத்தில் ஒரு குறிக்காடியும் உண்டு. காடியின் நடுவே முள் நேராகத் தெரியும்படி பிடித்துச் சுடுதல் வேண்டும். இவையிரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் 220 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது விதி. அவ்வாறாயின், குறிமுள் தன் நடுநிலையினின்றும் ஒரு மில்லிமீற்றர் விலகினால், 25 மீற்றருக்கு அப்பாற் சன்னம் ஏறத்தாழ 114 மில்லிமீற்றர் விலகிப் படும். நடுவட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரை 25 மில்லிமீற்றரே உள்ளமையால், கால் மில்லிமீற்றருக்கும் குறைந்த வழுவொன்றே பத்தினை ஒன்பதாக்கப் போதியது. கைநடுக்கம் அவ்வழுவில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மூச்சு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். துப்பாக்கிக்கெனப் பிழைசெய்ய எஞ்சும் பங்கு மிகச் சிறிது. ஆகவே, சுடுநர் வேண்டுவது அழகிய துப்பாக்கியை அன்று. ஒவ்வொரு வேட்டின்போதும் ஒரேவிதமாக நடந்துகொள்ளும் துப்பாக்கியையே. நேற்றுச் செய்ததை இன்றும், முதல் வேட்டிற் செய்ததை அறுபதாம் வேட்டிலும் அது செய்தல் வேண்டும்.

இவ்வகையில் மார்கோலின் துப்பாக்கியை நோக்குமிடத்து, அதன் முதற் சிறப்பு குறிக்காடி அமைந்துள்ள இடத்திலேயே புலப்படுகின்றது. அரைத்தானியங்கித் துப்பாக்கிகளில், வேட்டு வெடித்ததும் உருக்குப் பாளமொன்று பின்னோக்கி ஓடி, வெற்றுக் கோதினை வெளியே எறிந்து, அடுத்த ரவையைத் தள்ளிக்கொண்டு முன்னே மீளும். படையினர் ஏந்தும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் குறிக்காடி அவ்வோடுபாளத்தின் மீதே அமர்ந்திருக்கும். ஓடிமீளும் பாளம் ஒவ்வொரு தடவையும் மயிரிழையும் பிசகாது அதே இடத்தில் வந்து நின்றாலன்றி, காடியும் அதே இடத்தில் நில்லாது. உறுப்புக்கள் தேயத்தேயப் பிசகும் வளரும். மார்கோலினோ குறிக்காடியைப் பாளத்திலிருந்து பிரித்துவிட்டார். பாலம் போல் வளைந்த தாங்கியொன்று துப்பாக்கியின் அசையாச் சட்டகத்தில் ஊன்றி நிற்க, அதன் மீது காடி அமர்ந்துள்ளது. ஓடுபாளம் அப்பாலத்தின் கீழாகப் போய் வருகின்றது. குழலும் சட்டகத்தோடு அசையாது பிணைக்கப்பட்டுள்ளது. குழல், முள், காடி ஆகிய மூன்றும் ஒரே உடலின் உறுப்புக்களாகி நிற்க, அசைவதெல்லாம் அவற்றுக்குப் புறம்பே அசைகின்றது. வேட்டுக்கள் பல்லாயிரம் சென்றபின்னும் குறி மாறாதிருப்பதற்கு இதுவே அடிப்படை.

இரண்டாவது சிறப்பு எளிமை. இத்துப்பாக்கி ஏற்கும் ரவை, உலகெங்கும் குறிச்சூட்டிற் பழகிய புள்ளி இருபத்திரண்டு விளிம்புவெடி ரவையாகும். 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான இவ்வகையின் சன்னம் ஏறத்தாழ இரண்டரைக் கிராம் எடையுள்ளது. அதன் ஆற்றல் சிறிதாகையால், வெடிக்கும் வேளையிற் பாளத்தைப் பூட்டிவைக்கும் சிக்கலான பொறி எதுவும் வேண்டியதில்லை. பாளத்தின் எடையும் சுருள்வில்லின் அழுத்தமுமே அதனை வேண்டிய அளவு தாமதிக்கச் செய்யப் போதியவை. மார்கோலின் இவ்வமைப்பினை எத்துணைக் குறைந்த உறுப்புக்களாற் செய்யலாமோ அத்துணைக் குறைந்தனவற்றாற் செய்தார். உறுப்புக் குறைந்தவிடத்துப் பழுதும் குறையும்; பழுதுற்றவிடத்து அதனைக் காண்பதும் எளிதாகும்.

மூன்றாவது அதன் உறுதி. இச்சொல்லின் பொருளைச் சற்றே தெளிவுபடுத்தல் நன்று. இரசியப் படைக்கலங்களைப் பற்றிப் பேசுவோர் அவை சேற்றிலும் பனியிலும் வேலைசெய்யும் முரட்டுப் பொருள்கள் எனக் கூறுதல் வழக்கம். குறிச்சூட்டுத் துப்பாக்கி சேற்றைக் காண்பதில்லை. அது காணும் துன்பம் வேறு வகையானது. கழகமொன்றின் பொதுத் துப்பாக்கி ஒரு நாளிற் பல கைகளுக்கு மாறும். அவற்றுட் பல பழகாத கைகள். ஒருவர் அதனை எண்ணெயில் மூழ்கவைப்பார். இன்னொருவர் எண்ணெயே இடார். மலிந்த ரவையின் ஈயமும் மெழுகும் புகையும் அதன் உள்ளே படியும். இவையனைத்தையும் பொறுத்து, அடுத்த நாளும் அதே இடத்திற் சுடுவதே இங்கு உறுதி எனப்படுவது. கொல்லன் பட்டறையில் அடித்த கத்தி தேங்காய் வெட்டவும் விறகு பிளக்கவும் கொடுபட்டு, மாலையில் தீட்டியதும் பழைய கூர்மையை அடைவது போன்ற உறுதி அது. சோவியத் நாட்டின் சூட்டுக்கழகங்களில் இளைஞர் தலைமுறைகள் சில இத்துப்பாக்கியிலேயே பயின்றமைக்கு அதன் மலிவு மாத்திரம் காரணமன்று, இவ்வுறுதியும் காரணமாகும்.

நிறைகளைக் கூறியபின் குறைகளை மறைப்பது மதிப்பீடாகாது. முதலாவதாக, இத்துப்பாக்கியின் புறத்தோற்றம் மெருகற்றது. கடைசற் பொறியின் கீறல்கள் சிலவற்றில் அப்படியே தெரியும். சுவிற்சர்லாந்தின் ஹெம்மெர்லி, ஜேர்மனியின் வால்தர் போன்றவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் அதனைக் குறைவாகவே எண்ணுவர். இரண்டாவதாக, குறியைத் திருத்தும் முறை வசதியானதன்று. இடம் வலமாகத் திருத்துவதற்குப் பின்னுள்ள காடியையும், மேல் கீழாகத் திருத்துவதற்கு முன்னுள்ள முள்ளையும் தனித்தனியே நகர்த்துதல் வேண்டும். சுடுநர் இவ்விரண்டையும் பின்காடியிலேயே செய்யவல்ல துப்பாக்கிகளும் உள. மூன்றாவதாக, அதன் குழல் கைக்கு மேலே சற்று உயர்ந்து நிற்பதனால், வேட்டின்போது குழல்வாய் மேல்நோக்கி எழ முனைகின்றது. நான்கு விநாடிச் சூட்டில் இவ்வெழுச்சியை அடக்குவதிலேயே நேரத்தின் ஒரு பகுதி கழிந்துவிடும். ஒரு கிலோகிராமுக்குச் சற்றே குறைந்த அதன் எடையைக் கூட்டுவதற்கெனக் குழலிற் பொருத்தும் தனி எடைகள் கொடுக்கப்பட்டன. அவை எழுச்சியைக் குறைத்தனவேயன்றி நீக்கினவல்ல. நான்காவதாக, மரப்பிடி எல்லார் கைக்கும் ஏற்ற ஒரே அளவினது; ஆகவே எவர் கைக்கும் முற்றாக ஏற்றதன்று. தேர்ச்சிபெற்ற சுடுநர் அரத்தால் இராவியும் மரப்பசை அப்பியும் அதனைத் தம் கைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வர். ஈற்றில், விளிம்புவெடி ரவைத் துப்பாக்கிகளுக்குப் பொதுவான ஓர் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ரவையில்லாது வெறுமனே விசையை இழுத்துப் பழகினால், சுடுமுள் ரவையறையின் விளிம்பில் மோதி அதனைச் சிதைக்கக்கூடும். வெறுஞ்சூட்டுப் பயிற்சியை விரும்புவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, போட்டியரங்கிலே இத்துப்பாக்கியின் வரலாற்றை நோக்கலாம். அது புகுந்த களம் வெற்றுக் களமன்று. விரைவுச் சூட்டில் 1948ஆம் ஆண்டு இலண்டனிலும் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் தங்கப் பதக்கம் பெற்றவர் ஹங்கேரியப் படைவீரர் காரொலி தக்காச். 1938ஆம் ஆண்டிற் கைக்குண்டு ஒன்று வெடித்து, அவர் சுடும் வலக்கையைச் சிதைத்துவிட்டது. அவர் இடக்கையாற் சுடப் பழகி மீண்டார். இலண்டனில் 580 புள்ளிகளும் ஹெல்சிங்கியில் 579 புள்ளிகளும் பெற்றார். ஏகலைவன் கதையில் வலக்கைப் பெருவிரலை இழந்தவன் வில்லாண்மையின் உச்சியை இழக்கின்றான். தக்காச்சின் வரலாறு அக்கதைக்கு மறுதலையாக அமைந்தது. கையிழந்த ஒருவர் முதல்வராய் நின்ற அதே போட்டியினுள், கண்ணிழந்த ஒருவரின் துப்பாக்கி வந்து சேர்ந்ததை வரலாற்றின் தற்செயல் எனலாம். எனினும், அங்கம் பழுதற்றவனே குறிவல்லான் என்ற எண்ணம் அவ்விரு செய்திகளாலும் ஆட்டங்காணுகின்றது.

1954ஆம் ஆண்டு கராகஸ் நகரில் நிகழ்ந்த உலகச் சூட்டுப்போட்டியில், சோவியத் வீரர் நிக்கொலாய் கலினிச்சென்கோ மார்கோலினின் துப்பாக்கியைக்கொண்டு விரைவுச் சூட்டில் முதலிடம் பெற்றார். அதன்பின் நிகழ்ந்தது கருதத்தக்கது. குழல்வாய் மேலெழும் குறையை நீக்க முனைந்த சோவியத் வடிவமைப்பாளர் துப்பாக்கியையே தலைகீழாகக் கவிழ்த்தனர். ‘ரெக்கோர்ட்’ எனப் பெயரிடப்பட்ட அவ்வடிவத்திற் குழல் தாழ்ந்து, பிடித்த கையின் நேர்கோட்டிலே அமைந்தது. வேட்டின் உதைப்பு நேரே பின்னோக்கிச் சென்றதாற் குழல்வாய் எழுவது பெரிதும் தணிந்தது. 1956ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக்கிற் சோவியத் அணியினர் இதனை ஏந்தி வந்தனர். ஆயினும் தங்கப் பதக்கம் 587 புள்ளி பெற்ற உருமேனியரான ஸ்தெபான் பெத்ரெஸ்குவுக்கே கிடைத்தது. சோவியத் வீரர் எவ்கேனி செர்க்காசொவ் 585 புள்ளியுடன் இரண்டாமிடத்தில் நின்றார். போட்டியின் பின்னர் விதிகள் திருத்தப்பட்டு, தலைகீழ் வடிவம் விலக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, கருவியின் புதுமை வெற்றிக்கு உறுதிமொழியன்று என்பது. மற்றையது, விளையாட்டிற் கருவி ஓர் எல்லை வரையே அனுமதிக்கப்படும் என்பது. குறித்த அளவுள்ள பெட்டியொன்றினுள் அடங்காத துப்பாக்கி போட்டிக்கு உதவாது என்ற விதிவரை இவ்வெல்லை வகுக்கப்பட்டுள்ளது. மனிதக் கையின் நடுக்கத்தைக் கருவி முற்றாக விழுங்கிவிடுமாயின், அதன்பின் போட்டி கைகளுக்கிடையில் அன்று, தொழிற்சாலைகளுக்கிடையிலேயே நிகழும். அவ்வகையில், விலக்கப்பட்ட ‘ரெக்கோர்ட்’டைவிட, குழல்வாய் சற்றே எழும் பழைய மார்கோலினே விளையாட்டின் இயல்புக்கு இயைந்தது எனலாம். அது சுடுநரின் பிழையை மறைப்பதில்லை. தன் பிழையை அதனோடு சேர்ப்பதுமில்லை.

மார்கோலினின் பார்வையின்மைக்கும் இத்துப்பாக்கியின் அமைப்புக்கும் தொடர்புண்டா என்ற வினா இங்கு எழுகின்றது. உண்டென்று விரைந்து கூறுதல் எளிது. தொட்டறிபவருக்கு மெருகு ஒரு பொருட்டன்று. உறுப்புக்களின் ஆட்டமும் பிசிறும் இடைவெளியுமே பொருட்டு. கைக்குள் அடங்கும் உருவம், தடவி அறியத்தக்க உறுப்புக்கள், குறைந்த எண்ணிக்கை ஆகியன விரல்வழி சிந்தித்தவரின் இயல்பான தெரிவுகளாகத் தோன்றுகின்றன. ஆயினும் இதனை அளவிறந்து வலியுறுத்தலாகாது. எளிமையும் உறுதியும் கண்ணுள்ள சோவியத் வடிவமைப்பாளர்களும் போற்றிய பண்புகளே. பெருந்தொகையாக, விரைவாக, மலிவாக உற்பத்தி செய்யவேண்டிய தேவை அவற்றைப் போற்றச் செய்தது. மெருகின்மைக்கும் தொழிற்சாலையின் அவசரமே காரணமாதல் கூடும். மேலும், வரைபடம் தீட்டியவர்கள், உருக்கைக் கடைந்தவர்கள், சுட்டுப் பார்த்துக் குறைகூறியவர்கள் ஆகிய பலரின் கண்கள் இதனுள் உள்ளன. ஒருவர் பெயரால் வழங்கும் கருவி எதுவும் ஒருவரால் மாத்திரம் செய்யப்பட்டதன்று. மார்கோலினின் சாதனை கண்ணின்றிச் செய்தமை அன்று. பிறர் கண்களைத் தம் விரல்களின் அறிவுக்குத் துணையாகக் கொள்ளத் தெரிந்தமையே அது எனல் பொருந்தும்.

இதனினும் கடினமான வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. துப்பாக்கி என்பது கொல்லும் கருவி. ஆயுதம் ஒருவரின் பார்வையைப் பறித்தது; அவரோ தாளைத் துளைக்கும் துப்பாக்கியைச் செய்தார் என்று கூறி, அதிலே அமைதியின் குறியீடொன்றைக் காண முனைவோர் உளர். அது இனிய கருத்து. ஆனால் முழு உண்மையன்று. சோவியத் நாட்டிற் குறிச்சூடு வெறும் பொழுதுபோக்காக வளர்க்கப்படவில்லை. 1932ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட ‘வொரொஷீலொவ் சுடுநர்’ சின்னமும், 1951ஆம் ஆண்டில் அமைந்த டொசாவ் என்னும் தன்னார்வச் சங்கமும் இளைஞரை நாட்டின் பாதுகாப்புக்கு ஆயத்தம் செய்வதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. கழகத்தில் மார்கோலின் துப்பாக்கி கொண்டு பயின்ற கை, படையில் வேறொன்றை ஏந்துதற்கும் ஆயத்தமாயிற்று. இது சோவியத் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. விரைவுச் சூட்டுப் போட்டியின் இலக்கே உலகெங்கும் 1980களின் இறுதி வரை மனித உருவின் நிழல்வடிவமாகத்தான் இருந்தது. அதன் பின்னரே வட்ட இலக்கு அவ்விடத்தைப் பெற்றது. அரங்கிலே கைதட்டிய பார்வையாளர் முன் பல்லாண்டுகளாகத் துளைக்கப்பட்டது மனித உருவமே என்பதை விளையாட்டு மறந்துவிடலாம். அதனைப் பற்றி எழுதுவோர் மறக்கலாகாது.

திரைப்பட உலகமும் இதற்கொரு சிறு சான்று தருகின்றது. 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் இளவரசி லேயா ஏந்தும் விண்வெளி ஆயுதம் மார்கோலின் துப்பாக்கியின் உடலைக்கொண்டே ஆக்கப்பட்டது. போருக்கென அமையாத துப்பாக்கியை, கற்பனைப் போரொன்று தனதாக்கிக்கொண்டது. வடிவத்திற்கும் நோக்கத்திற்கும் இடையிலுள்ள சுவர் எத்துணை மெல்லியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் அச்சுவர் மெல்லியதாயினும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பத்து ரவை கொள்ளும் கூடு, இரண்டரைக் கிராம் சன்னம், சட்டைப்பையில் அடங்காத குழல், நுண்ணிய குறிக்காடி ஆகிய இவற்றைக் கொண்டு போர்க்களம் புகுவார் எவருமிலர். இத்துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பும் எதிரியின் மீதன்று, சுடுபவரின் மீதே கவனத்தைத் திருப்புகின்றது. தாளில் விழுந்த துளை, சுட்டவர் அக்கணத்தில் எவ்வாறிருந்தார் என்பதைக் கூறுகின்றது. மூச்சினை அடக்கினாரா, விசையை இழுத்தாரா அன்றிப் பதறிப் பறித்தாரா, மனம் முந்திய வேட்டினை நினைத்திருந்ததா என்பன யாவும் அத்துளையில் எழுதப்பட்டுள்ளன. ஆயுதப் பயிற்சியின் வழித்தோன்றலாகிய இவ்விளையாட்டு மனிதருக்குத் தரத்தக்க நன்மை ஒன்று உண்டெனில், அது தன்னைத்தான் அறியும் இவ்வொழுக்கமேயாகும்.

இனித் தீர்ப்பினைக் கூறலாம். உலகப் போட்டியின் இறுதிச் சுற்றை நாடுபவருக்கு மார்கோலின் ஏற்றதன்று. இன்று அவ்வரங்கில் இத்தாலிய, ஜேர்மனிய நவீனத் துப்பாக்கிகளே பெரிதும் காணப்படுகின்றன. அவற்றின் பிடி கைக்கேற்பச் செதுக்கப்பட்டது, குழல் தாழ்ந்தது, விசை நுண்ணிதாகத் திருத்தத்தக்கது. இஜெவ்ஸ்க் நகரமே பின்னர் இஷ் 35 முதலிய புதிய வடிவங்களை ஆக்கி, மார்கோலினை மூத்தோர் வரிசைக்கு அனுப்பிவிட்டது. ஆனால், சட்டத்தின் அனுமதியுடன் இயங்கும் கழகமொன்றில் முதன்முதலாகக் குறிச்சூட்டைக் கற்கப் புகுபவருக்கு, நன்னிலையிலுள்ள பழைய மார்கோலின் இன்றும் தக்க ஆசான். வாங்குவோர் புறத்திலுள்ள கீறல்களை எண்ணிக் கவலற்க. குறிக்காடியைத் தாங்கும் பாலத்தில் ஆட்டமுண்டா, சுடுமுள் மோதி ரவையறையின் விளிம்பு சிதைந்துள்ளதா, ரவைக்கூட்டின் வாய் வளைந்துள்ளதா என்னும் மூன்றையும் நோக்குக. பல வகை ரவைகளைச் சுட்டுப் பார்த்து, அது விரும்பும் ரவையைத் தெரிந்துகொள்க. பிடியைத் தம் கைக்கேற்பத் திருத்திக்கொள்க. இவ்வளவும் செய்தபின்னர் வட்டத்துக்கு வெளியே துளை விழுமாயின், பழியைத் துப்பாக்கியின் மீது போடுவதற்கு அதிக இடமிராது.

அதுவே இக்கருவியின் ஆகப்பெரிய நற்பண்பு என்று கூறலாம். விலையுயர்ந்த கருவி, தன்னை உடையவரை வல்லவரென நம்பச் செய்யும். பழுதான கருவி, தோற்றவருக்கு ஒரு சாட்டினைக் கொடுக்கும். மார்கோலின் இவ்விரண்டையும் செய்வதில்லை. மேற்கூறிய ஆய்வினை, மார்கோலின் களிமண்ணில் வடித்ததைத் தடவிப் பார்த்ததுபோல், கண்களை மூடிக்கொண்டு விரல்களாலும் பெருமளவு செய்யலாம். பாலம் ஆடுகின்றதா என்பதைப் பெருவிரல் சொல்லும். ரவைக்கூட்டின் வாயைச் சுட்டுவிரல் அறியும். இறுதியாக முள்ளையும் காடியையும் ஒன்றாக்கி இலக்கினை நோக்குவதற்கு மாத்திரமே கண் வேண்டும். அப்பணியை மார்கோலின் தமக்குப் பின்வருவோரிடம் விட்டுச் சென்றார்.